சிவப்பு மையில் முப்பத்தெட்டு

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் முத்துராமலிங்கம் ஐயா அவர்களே! வட்டாரத்தில் இருந்து இந்த வெயிலிலும் வந்திருக்கும் டாக்டரம்மா அவர்களே! பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தின் செவிலியர், சகோதரி ஈஸ்வரி அவர்களே! தாயைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மகள் சுமதி அவர்களே! இன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அவர்கள் இடுப்பில் இருக்கும் பிள்ளைகளே! எல்லாருக்கும் வணக்கம்.

பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பந்தலுக்குள் இருக்கும் எந்தப் பிள்ளையையும் நிறுத்தி, உனக்கு ஊசி போட்டது யார் என்று கேட்டுப் பாருங்கள். முதலில் அழும். அழுது முடித்துவிட்டு ஒரே பேரைத்தான் சொல்லும். அந்தப் பேருக்கு உரியவர்தான், பதினாறு நாளைக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கிராம சுகாதாரச் செவிலியர், கடமை வீராங்கனை, பெருமதிப்புக்குரிய மாரிக்கனி அவர்கள்! எனக்கு நர்ஸக்கா.

என் பெயர் விஜயபாண்டி. லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்காது என்று வாத்தியாரே சொல்லிவிட்டார். எனக்கு முன்னால் பேசியவர்கள் நர்ஸக்காவோடு சேர்ந்து வேலை பார்த்ததைச் சொன்னார்கள். நான் சொல்லப்போவது சண்டை போட்டதை. பதினான்கு வருடம் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு சண்டையிலாவது ஜெயித்தேனா? அதையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

புதன்கிழமை தோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து தடுப்பூசி மருந்துப் பெட்டியை என் ஆட்டோவில் ஏற்றிவந்து நர்ஸக்கா கையில் கொடுப்பேன். முதல் புதன்கிழமையே பிடித்துக்கொண்டது. பெட்டியை வாங்கியதும் திறந்து, உள்ளே இருந்த சின்ன மீட்டரைப் பார்த்தார்கள்.

“பாண்டி, வழியில எங்கயும் நிறுத்துனியா?”

“ஒரு டீ குடிச்சேன்க்கா. அஞ்சு நிமிசம்.”

“இது ரெண்டுல இருந்து எட்டுக்குள்ள இருக்கணும். இப்ப ஏழுல நிக்கிது. எட்டைத் தாண்டுனா மருந்து வீணு, தெரியும்ல?”

“ரெண்டுன்னா எம்புட்டுக்கா? சோடாக் குளிர்ச்சியா, ஐஸ் குளிர்ச்சியா?”

“சோடாவும் இல்ல, ஐஸும் இல்ல. ரெண்டுன்னா ரெண்டு. நீ டீ குடிச்சதும் அஞ்சு நிமிசம் இல்ல, பதினேழு நிமிசம். உனக்கு நேரத்தையும் அளக்கத் தெரியல!”

அன்றைக்கு நிறுத்தியதுதான். அதற்குப் பிறகு புதன்கிழமை டீ என்பதே எனக்குக் கிடையாது. டீக்கடைக்காரர் இன்றைக்கும் என் மேல் வருத்தமாக இருக்கிறார். அதோ, அந்தத் தூண் பக்கத்தில்தான் நிற்கிறார்.

எதை எடுத்தாலும் அளவு! எதைச் சொன்னாலும் எத்தனை! நம் மானாவாரி நிலத்தில் மழையை எப்படிச் சொல்வோம்? ஏர் இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்தால் ஒரு உழவு மழை. அதற்கு மேல் நனைந்தால் இரண்டு உழவு. பரளச்சிப் பக்கம் போய் மழை எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் நம்மைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். நர்ஸக்காவிடம் ஒரு நாள் பெருமையாகச் சொன்னேன்.

“நேத்து ரெண்டு உழவு மழைக்கா!”

“ரெண்டு உழவுன்னா எத்தன மில்லிமீட்டரு?”

“அதை எங்க வீட்டு மாட்டுக்கிட்டத்தான் கேக்கணும்.”

சிரித்தார்கள். சிரித்துவிட்டுச் சொன்னதைக் கேளுங்கள். “மண்ணுக்கு உழவு சரிதான் பாண்டி. கொஞ்சம் கூடுனாலும் குறைஞ்சாலும் மண்ணு பொறுத்துக்கிரும். பச்சப்பிள்ளை பொறுக்காது.”

அது வெறும் வாய்ப்பேச்சா? இல்லை! கரண்டிச் சம்பவம் தாய்மார்களுக்கு மறந்திருக்காது. காய்ச்சல் மருந்து ஒரு ஸ்பூன் கொடுக்கச் சொன்னால் ஆளாளுக்கு ஒரு ஸ்பூன் வைத்திருக்கிறார்கள் என்று நர்ஸக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வீட்டில் மருந்து ஊற்றும் கரண்டியை அடுத்த புதன்கிழமை எடுத்து வரச் சொன்னார்கள். இருபத்து மூன்று கரண்டி வந்தது. ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து ஒவ்வொன்றாக ஊற்றி அளந்தார்கள். ஒன்றில் மூன்று மில்லி. ஒன்றில் ஏழு. ஒன்றில் பதினொன்று! ஒரே ஊர், ஒரே மருந்து, ஒரே வயதுப் பிள்ளைகள். ஒச்சம்மாள் அக்கா கொண்டுவந்ததை நான் பார்த்தேன். அதற்குக் கரண்டி என்று பேர் வைத்தவன் மனசு பெரிய மனசு. ஒரு பாட்டில் மருந்தும் அதில் அடங்கிவிடும். நர்ஸக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது சாம்பாருக்கு வச்சுக்க தாயி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே இருபத்து மூன்று பேருக்கும் மில்லி போட்ட மூடி கொடுத்து அனுப்பினார்கள். யாரையும் திட்டினார்களா? ஒரு வார்த்தை இல்லை.

அப்படிப்பட்டவர்களையும் ஒரு தடவை நான் மடக்கினேன். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு ராத்திரி சோறு இறங்காது. சுமதி கல்யாணத்துக்குச் சங்கிலி எடுக்க அருப்புக்கோட்டைக்கு என் ஆட்டோவில்தான் போனோம். கடைக்காரர் எவ்வளவில் பார்க்கலாம் என்று கேட்டார். நர்ஸக்கா வாயில் இருந்து வந்த பதில், “அஞ்சு பவுனு.” நான் விடுவேனா?

“என்னக்கா, பவுனு! கிராமுல சொல்லுங்க, கிராமுல!”

கடையே சிரித்தது. நர்ஸக்கா முகம் மாறவே இல்லை. “நாப்பது கிராமுன்னு சொன்னா நீ நாப்பது பவுனுன்னு நெனச்சு மயங்கி விழுந்துருவ. திரும்பிப் போக வண்டி ஓட்டணும்ல, அதுக்குத்தான்” என்றார்கள். மடக்கியதாக நினைத்தவன் மடங்கி நின்றேன்.

இப்போது பெரிய சண்டைக்கு வருகிறேன்.

இந்த வருடம் தை மாதம், யாரோ ஒரு நல்ல மனிதர் நன்கொடையாகக் கொடுத்த நூற்று எண்பது தெர்மாமீட்டர் நம் துணை சுகாதார நிலையத்துக்கு வந்தது. அக்குளில் வைத்தால் பீப் என்று சத்தம் போட்டு எண்ணைக் காட்டும் சாதி. ஐந்து வயதுக்குள் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஒன்று. அதில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் எஃப் வரும். இன்னொரு தடவை பிடித்தால் சி வரும். எஃப் என்றால் ஃபாரன்ஹீட், நூறுக்கு மேல் போனால் காய்ச்சல் என்று நாமெல்லாம் அறிந்த பழைய கணக்கு. சி என்றால் செல்சியஸ். எதில் வைத்துக் கொடுப்பது? புதன்கிழமை ஊசி போட்டு முடித்த பிறகு வேப்பமரத்தடியில் இதற்கென்றே ஒரு கூட்டம்.

நான் எழுந்தேன். “நூறுன்னா எல்லாருக்கும் வெளங்கும்க்கா. வெயிலு நூறைத் தாண்டுனா பேப்பர்ல போடுறாக. பிள்ளைக்கு நூறைத் தாண்டுனா டாக்டரைப் பாக்குறோம். ரெண்டுக்கும் ஒரே எல்லைக்கல்லு. அதை ஏன் பிடுங்கணும்?”

“அப்ப வெயிலு நூத்தஞ்சு அடிக்கிறப்ப ஊரையே ஆஸ்பத்திரியில சேத்துருவோமா?”

“அதில்லக்கா…”

“தடுப்பூசிப் பெட்டியில சி. ஆஸ்பத்திரிச் சீட்டுல சி. உன் போன்லகூட வெயிலு சி-யிலதான் காட்டுது. ஒண்ணுக்கு ஒரு அளவு, இன்னொண்ணுக்கு வேற அளவுன்னு எத்தன நாளைக்கு? டாக்டரு ஒண்ணு எழுதுவாரு, ஆத்தா ஒண்ணு படிப்பா. நடுவுல பிள்ளை கெடந்து தவிக்கும்.”

“சி-யில புள்ளி வரும்க்கா. முப்பத்தெட்டு புள்ளி அஞ்சு! எங்களுக்குப் புள்ளி ஆகாது.”

“தொண்ணூத்தெட்டு புள்ளி ஆறுல என்ன வருது, கமாவா?”

கைதூக்கச் சொன்னார்கள். சி-க்கு முப்பத்தொரு கை. எஃப்-க்கு நான்கு கை. அந்த நான்கில் இரண்டு என்னுடையது. ஆக, நூற்று எண்பது தெர்மாமீட்டரும் சி-யில் வைத்து வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது.

தாய்மார்களே, இதற்குப் பிறகு நடந்ததை இந்தச் சபையில் நான் மறைக்கக் கூடாது.

பங்குனிக் கடைசி. மதியம் இரண்டு மணி. நான் பாலவனத்தத்தில் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். மகள் துர்காதேவி போன் பண்ணினாள். பேரனுக்கு இரண்டு வயது.

“யப்பா, தம்பி உடம்பு சூடா இருக்கு. மெசினு முப்பத்தொம்பது புள்ளி அஞ்சு காட்டுது. என்ன செய்ய?”

நான் என்ன செய்தேன்? போனில் வெயில் எவ்வளவு என்று பார்த்தேன். நாற்பத்தொன்று போட்டிருந்தது. சொன்னேன், இதே வாயால் சொன்னேன்: “வெளிய நாப்பத்தொண்ணு கொளுத்துது. அவன் முப்பத்தொம்பதுதான். வெயிலை விடப் பிள்ளை குளிர்ச்சியாத்தான்டா இருக்கான். தண்ணி குடுத்துத் தூங்க வை.”

சிரிப்பு வருகிறதா? வேறொருவர் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். நூற்று மூன்று என்று அந்த மெசின் காட்டியிருந்தால் அந்த லோடை நடுரோட்டில் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். முப்பத்தொன்பது என்றதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் பேரனுக்கு வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே சொருகி, கைகால் வெட்டி இழுத்திருக்கிறது. அக்கம்பக்கத்தார் கூடிப் பிள்ளை கையில் இரும்புச் சாவியைத் திணித்துப் பிடித்திருக்கிறார்கள். அப்போது, தகவல் கேட்டு ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்கள் நர்ஸக்கா!

“சாவியைத் தூக்கிப் போடு! வாயில ஒண்ணும் ஊத்தாத! எல்லாரும் வெலகுங்க, காத்து வரட்டும்!”

பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். சட்டையைக் கழற்றினார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மூன்று நிமிடத்தில் வலிப்பு நின்றது. மறுநாள் பேரன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் கேட்டான். இதோ, இப்போது பந்தலுக்குள் யார் செருப்பையோ போட்டுக்கொண்டு சுற்றுகிறானே, அவன்தான். செருப்புக்குச் சொந்தக்காரர் மன்னிக்க வேண்டும்.

பேரன் வீடு திரும்பிய அன்றைக்குச் சாயங்காலம் நர்ஸக்கா என் வீட்டுக்கு வந்தார்கள். நான் குனிந்த தலை நிமிரவில்லை. என் முட்டாள்தனத்துக்கு நாலு வார்த்தை கிடைக்கும் என்று காத்திருந்தேன். அவர்கள் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். பிறகு சொன்னார்கள்.

“தப்பு எம்மேலதான் பாண்டி.”

“என்னக்கா சொல்றீக? கூறுகெட்டுப் போயிச் சொன்னது நானு.”

“இல்ல. நான் எண்ணை மாத்திக் குடுத்தேன். எந்த எண்ணுல பயப்படணும்னு சொல்லிக் குடுக்கல. உங்களுக்குப் பயமெல்லாம் நூறுலயே நின்னுபோச்சு. புது எண்ணுல பயத்தை நான் ஏத்தவே இல்ல.”

எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்? முப்பது வருடம் சேவை செய்த ஒருவர், ஐந்தாம் வகுப்புக்காரன் வீட்டில் வந்து உட்கார்ந்து, தப்பு என்னுடையது என்று சொல்வாரா? எங்கே கண்டிருக்கிறீர்கள்!

எனக்கு வாய் சும்மா இருக்குமா? கேட்டேன். “அப்ப எல்லாத்தையும் எஃப்-க்கு மாத்திருவோமாக்கா?”

“மாத்த மாட்டேன்! எத்தன தடவ மாத்துறது? இப்பத்தான் சனங்க படிக்க ஆரம்பிச்சிருக்கு. நாளைக்குச் சாயங்காலம் வண்டியைக் கொண்டா. செவப்பு மார்க்கரு ஒண்ணு வாங்கிட்டு வாரேன்.”

அதுதான் நர்ஸக்கா. தப்பை ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொண்டு, அடுத்த வேலையைக் கையில் எடுப்பார்கள்.

மறுநாளில் இருந்து தினமும் சாயங்காலம் கிளம்பினோம். ஒவ்வொரு வீட்டிலும் தெர்மாமீட்டர் டப்பாவை வாங்கி, மூடியில் சிவப்பு மையில் பெரிதாக 38 என்று எழுதினார்கள். அதற்குக் கீழே தன்னுடைய போன் நம்பர். மூடியைத் தாயின் கையில் கொடுத்து, “எதுல போன் போடுவ?” என்று கேட்பார்கள். அந்தத் தாய் வாய்விட்டு முப்பத்தெட்டு என்று சொன்னால்தான் அடுத்த வீடு. ஒரு வீட்டில் அந்தப் பிள்ளையின் தாய் வெட்கப்பட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். நர்ஸக்கா அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். “பிள்ளையை வெயிலோட ஒப்பிடாத தாயி. நேத்து இருந்த பிள்ளையோட ஒப்பிடு” என்று வீட்டுக்கு வீடு சொன்னார்கள். திரும்பி வரும்போது தினமும் நான் எஃப் கட்சி, அவர்கள் சி கட்சி. கடைசி நாள் வரைக்கும் நான் விடவில்லை, அவர்களும் விடவில்லை.

மொத்தம் நூற்று எண்பது வீடு. நூற்று முப்பத்தேழு வீடு முடித்தோம். மறுநாள் கண்மாய்க்கரைத் தெரு என்று சொல்லி இறங்கிப் போனார்கள். விடிந்தால் வெள்ளிக்கிழமை. அவ்வளவுதான்.

நர்ஸக்கா போன மூன்றாம் நாள், காரியம் முடிந்த கையோடு, வீட்டில் இருந்த அவர்கள் போன் அடித்தது. சுமதி எடுத்திருக்கிறது. அந்தப் பக்கம் மாயக்காள். அவள் தன் தாய் வீட்டுக்குப் போயிருந்தவள், இங்கே நடந்தது தெரியாது.

“அக்கா, முப்பத்தெட்டு புள்ளி ஏழு காட்டுதுக்கா. மூடியைப் பாத்துத்தான் போட்டேன். இப்ப என்ன செய்யணும்?”

சுமதி என்ன சொல்லும்? அம்மா இல்லை என்று சொல்லவா, பிள்ளைக்கு மருந்து சொல்லவா? போனைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்தது. நான் சகோதரி ஈஸ்வரிக்கு அடித்தேன். அவர்கள் மாயக்காளிடம் பேசி, மருந்து எத்தனை மில்லி என்று சொல்லி, மறுநாள் நேரில் போய்ப் பார்த்தார்கள். பிள்ளை நல்லாயிருக்கிறான்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நூற்று முப்பத்தேழு மூடியில் இருப்பது, இல்லாமல் போனவர்களின் நம்பர்! அதற்குப் பிறகும் ஆறு போன் வந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் சுமதியிடம் சொன்னார்கள், இறந்தவர் நம்பர் வீட்டில் அடித்துக்கொண்டே இருக்கக் கூடாது, அணைத்து வைத்துவிடு என்று. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அந்த வீட்டில் யாருக்கு நெஞ்சு பதறாது? ஆனால் அக்கினி நட்சத்திரம் முடிய இன்னும் பதினொரு நாள் கிடக்கிறது. அந்த நம்பர் அணைந்தால், ஒரு தாய் முப்பத்தெட்டைப் பார்த்து, சொன்னபடி சரியாக அடித்து, பதில் இல்லாமல் உட்கார்ந்திருப்பாள். நர்ஸக்கா செய்ததில் பாதி அங்கேயே செத்துப்போகும்.

நேற்று சுமதியிடம் போய் நின்றேன். கேட்க வாய் வரவில்லை. எனக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அதுவாகத்தான் சொன்னது. “மாமா, அம்மா படத்தை நான் வச்சுக்கிறேன். போனை ஈஸ்வரியக்கா கையில குடுத்துருவோம்.”

ஐயா தலைவர் அவர்களே, டாக்டரம்மா அவர்களே, உங்கள் முன்னால் அந்தப் போனைச் சுமதி இப்போது சகோதரி ஈஸ்வரியிடம் ஒப்படைக்கும். புதிய செவிலியர் வரும் வரைக்கும் அது அவர்கள் கையில் இருக்கும். வந்த பிறகு அவர் கைக்குப் போகும். எந்நேரம் அடித்தாலும் அவர்களை ஏற்றிக்கொண்டு போக என் வண்டி நிற்கும். இது சபையில் கொடுக்கும் வாக்கு.

இன்னும் நாற்பத்து மூன்று வீடு இருக்கிறது. கண்மாய்க்கரைத் தெருவும் கிழக்குக் குடியிருப்பும். டப்பாவை எடுத்து வரச் சொல்லி நேற்றே சொல்லியிருந்தேன். மார்க்கர் என் பையில் இருக்கிறது, அவர்கள் வாங்கியதுதான், மை தீரவில்லை. எனக்கு எழுத்து அவ்வளவு வராது. மூன்றும் எட்டும் வரும். கீழே எழுத நர்ஸக்கா நம்பரும் மனப்பாடம். நான் எஃப் கட்சிக்காரன்தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் எழுதப்போவது முப்பத்தெட்டு.

இரண்டு நிமிடம் எழுந்து நின்று மௌனமாக இருப்போம் என்று தலைவர் சொன்னார். இரண்டு நிமிடத்தைச் சகோதரி ஈஸ்வரி வாட்சில் பார்த்துக்கொள்வார்கள், என் கணக்கை நம்ப வேண்டாம். அது முடிந்ததும் யாரும் கலைய வேண்டாம். கண்மாய்க்கரைத் தெருக்காரர்கள் முதலில் மேடைக்கு வாருங்கள். மூடியை என்னிடம் கொடுங்கள். எழுதியதும் சும்மா வாங்கிக்கொண்டு போக விடமாட்டேன். எந்த எண்ணில் போன் போடுவாய் என்று கேட்பேன். மைக் முன்னால், கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போங்கள்.